நாலு மணி வரி

பௌர்ணமி என்றாலே அந்தத் தனியார் ஆஸ்பத்திரி ஐசியூவுக்குப் பாதி நர்ஸ்கள்தான் வருவார்கள். கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால் பாவம், எப்படித்தான் வருவார்கள்? அன்று எட்டுப் படுக்கைக்கு இரண்டே பேர்: நேற்றிலிருந்து வீட்டுக்குப் போகாத இன்சார்ஜ் ரேணுகாம்பாள், வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாளான கவிநிலா.

அதற்காக இப்படியா? மூன்றாம் படுக்கை அப்பாதுரையின் சார்ட்டில் மதியம் ஒரு மணிக்கே நாலு மணி வரைக்கும் எழுதி முடித்திருந்தாள் ரேணுகாம்பாள். பிரஷர் சரி, நாடி சரி, மணிக்கு ஐம்பது மில்லி சிறுநீர். அங்கே இதற்குப் பெயர் 'ஓட்டுறது'. எல்லோரும் ஓட்டுவார்கள், பௌர்ணமிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

"கையெழுத்து மட்டும் போடு கவி."

"பாக்காததுக்கு நான் போட மாட்டேங்க்கா."

"இன்னாடி, பெரிய கலெக்டரா நீ? வேலை வேணுமா, வேணாமா?"

வேண்டும்தான். வீட்டில் அவள் ஒருத்திதான் வேலைக்குப் போகிறாள். ஆனாலும் பேனாவைத் தொடாமல் போய்க் குனிந்து சிறுநீர்ப் பையைப் பார்த்தாள். ஒரு மணி நேரத்தில் பத்து மில்லிகூட இறங்கவில்லை. நேற்றுதான் வயிற்றில் ஆபரேஷன் ஆன மனுஷர். நாடி நூற்று முப்பது, வயிறு கல்லாட்டம் இருந்தது.

"வலியில ஏறும்டி. டாக்டர் இப்பதான் சாப்பிட உக்காந்தாரு, கூப்புடாத."

"திட்டினா நான் வாங்கிக்கிறேங்க்கா."

டாக்டர் ஆதவனுக்குப் போன் போட்டாள். பிறகு ரேணுகாம்பாள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக ஒற்றைக் கோட்டால் அடித்தாள். பார்த்ததைக் கீழே எழுதி முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டாள்.

வயிற்றைத் தொட்டதுமே ஆதவனுக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே ரத்தம் கசிகிறது என்றார். அடுத்த அரை மணியில் அப்பாதுரையைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நாலு மணிக்குத் தியேட்டரிலிருந்து போன் வந்தது. ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள், இன்னும் தையல் பாக்கி, பிழைத்துக்கொள்வார். கவிநிலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைப்பதற்குள் ரேணுகாம்பாள் புதுத் தாளோடு வந்து நின்றாள். குரல் இறங்கியிருந்தது.

"அதக் கிழிச்சுட்டு இதுல சுத்தமா எழுதிடும்மா. உனக்குத்தான் நல்ல பேரு."

"கிழிக்க மாட்டேன். நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க."

அடித்த வரிகளில் கடைசி வரியின் மேல் விரலை வைத்துச் சார்ட்டை நீட்டினாள். "படிங்கக்கா."

மணி நாலு: நோயாளி நிம்மதியாகத் தூங்குகிறார்.

"மணி நாலாவுது. எங்க தூங்குறாரு, காட்டுங்க."

ரேணுகாம்பாள் காலிப் படுக்கையைப் பார்த்தாள். புதுத் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.