கியர்பாக்ஸுக்குள் கிடந்த மஞ்சள் மூடி

ஷெரிடன் நகரம் போய்ச் சேரும்வரை ஒரே பேச்சுதான். கியர்பாக்ஸில் என்ன ஆயில் ஊற்றினாய் என்று கம்பெனிக்காரன் கேட்டால் என்ன சொல்வது?

"தெரியாதுன்னு சொல்லிடு" என்றாள் நோரீன். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இரவல் வாங்கிய காரை அவள்தான் ஓட்டினாள். அவள் கணவர் ஹார்லனுக்கு வலது தோள்பட்டை சரியில்லை.

"தெரியுமே எனக்கு."

"தெரிஞ்சா என்ன? கோர்ட்ல நிக்க வச்சா கேக்கப் போறாங்க?"

"சிந்தெடிக் ஆயில் ஊத்தினேன். வேற கம்பெனி சரக்கு. கேட்டா அதைத்தான் சொல்ல முடியும்."

"சொல்லு. சொல்லிட்டு எந்தப் பசுவை விக்கலாம்னும் நீயே முடிவு பண்ணிக்க."

அவள் கோபத்தில் தப்பில்லை. மலை மேய்ச்சலில் விட்ட கன்றுகளை இறக்கிவர, பிக்கப் வண்டியில் காலி டிரெய்லரை மாட்டிக்கொண்டு முந்தாநாள் ஏறியிருந்தார்கள். கணவாய்க்குக் கொஞ்சம் கீழே இஞ்சின் அலறியது, சக்கரம் நகரவில்லை. அடியிலிருந்து கருகிய வாசம் வந்தது. பிக்கப்பை இழுவை வண்டியில் ஏற்றி ஷெரிடனுக்கு அனுப்பினார்கள். வாரண்டி இன்னும் இருக்கிறது. ஆனால் கம்பெனி ஆயிலைத் தவிர வேறு எதையோ ஊற்றினார் என்று கைவிரித்துவிட்டால், புது கியர்பாக்ஸ் விலைக்கு நாலைந்து நல்ல பசுக்கள் போய்விடும். இருப்பதே முப்பது சொச்சம்.

அந்த ஆயிலை ஹார்லன் ஏதோ அவசரத்தில் வாங்கிவிடவில்லை. பிக்கப் வைத்திருப்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் ஒரு பக்கம் உண்டு. ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே கிடந்தார். வேறு ஆயிலைத் தொட்டால் வாரண்டி போச்சு என்று ஒருவன் எழுதுவான். ஆயிலால்தான் கெட்டது என்று கம்பெனிதான் காட்ட வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்று இன்னொருவன் எழுதுவான். அதற்குக் கீழே இரண்டு பேரும் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துக்கொள்வார்கள். கடைசியில், பாரம் இழுத்துக்கொண்டு மலையேறும் வண்டிக்குச் சூடு தாங்கும் ஆயில்தான் வேண்டும் என்று ஹார்லன் முடிவுசெய்தார். இருப்பதிலேயே விலை கூடிய சிந்தெடிக் வாங்கி, நோரீனின் தம்பி வெண்டலிடம் கொடுத்தார். வெண்டல் ஊரில் சொந்தமாக கேரேஜ் வைத்திருக்கிறான். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, பழைய ஆயிலைச் சுத்தமாக வடித்துப் புதுசு ஊற்றிவிட்டேன் என்று சொன்னான். அதற்கப்புறம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று ஹார்லன் சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி, பாதிப் பேரை வெண்டலிடம் அனுப்பிவைத்தார்.

அன்று காலை கிளம்பும்போது வெண்டலே போன் செய்திருந்தான்.

"மச்சான், ஆயில் பத்தி வாயே தொறக்காத. கம்பெனி ஆயில்தான் இருக்குன்னு சொல்லு. மத்ததை அவனுங்க பாத்துப்பானுங்க."

நம் மேல் எவ்வளவு அக்கறை என்று ஹார்லன் நினைத்துக்கொண்டார்.

கம்பெனி சர்வீஸில் கர்ட் என்பவன்தான் எல்லாம். நாற்பது வயதிருக்கும், பேச்சில் எப்போதும் ஒரு நக்கல். நோரீனைக் காபி மெஷின் பக்கம் உட்காரவைத்துவிட்டு ஹார்லன் மட்டும் அவனிடம் போனார். போகும்போது நோரீன் அவர் சட்டைக் கையை ஒருதரம் பிடித்து விட்டாள்.

"இதுக்கு முன்னாடி யாராவது கியர்பாக்ஸைத் தொறந்தாங்களா?" என்று கேட்டான் கர்ட்.

ஹார்லன் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தொறந்தாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. என் மச்சினன்தான் தொறந்தான். ஃபில்டர் மாத்தி சிந்தெடிக் ஊத்தினோம். உங்க ஆயில் இல்ல. ஆனா உங்க அளவுகோலுக்குச் சரியான ஆயில்தான், நான் நல்லாப் படிச்சுப் பாத்துதான் வாங்கினேன். அதனாலதான் கெட்டுச்சுன்னா நீங்கதான் காட்டணும்."

மனப்பாடம் செய்ததைச் சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. கர்ட் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"உள்ள வாங்க. ஒண்ணு காட்டுறேன்."

பிக்கப் லிஃப்ட் மேல் உயரத்தில் நின்றது. கீழே பெஞ்சில் அடித்தட்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். தாரை உருக்கி ஊற்றிய மாதிரி கறுப்பாக எண்ணெய். அதற்கு நடுவில், கட்டைவிரல் அளவில், மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் மூடி கிடந்தது.

ஹார்லன் குனிந்து பார்த்தார். "இது என்ன? இவ்வளவு நாளா இது உள்ளயா சுத்திட்டிருந்துச்சு? இதாலதான் கெட்டுச்சா?"

"அது பாவம், ஒண்ணும் பண்ணாது. ஃபேக்டரிக்கு கியர்பாக்ஸ் வரும்போது, ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக் குழாய் போற ஓட்டைய இதை வச்சுத்தான் அடைச்சிருப்பாங்க. வண்டியில மாட்டும்போது யாரும் குனிஞ்சு எடுக்க மாட்டாங்க. குழாயை வச்சு ஒரே அழுத்து. மூடி உள்ள விழுந்துரும். அடித்தட்டைக் கழட்டுற முதல் ஆள் அதைப் பொறுக்கிக் குப்பையில போடுவான்."

"சரி."

"அந்த முதல் ஆள் நான்தான். இன்னைக்குக் காலையில."

ஹார்லனுக்கு உடனே ஏறவில்லை. கர்ட் ஃபில்டரை எடுத்துத் திருப்பிக் காட்டினான். ஃபேக்டரியில் அடித்த முத்திரை, வண்டி செய்த வருஷத்தோடு அப்படியே இருந்தது.

"ஒருவேளை மறந்து மூடியைத் திரும்ப உள்ளயே போட்டிருப்பான்" என்றார் ஹார்லன். சொல்லும்போதே அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பழைய ஃபில்டரையும் மறந்து மாட்டினானா? பழைய ஆயிலையும் மறந்து ஊத்தினானா?" கர்ட் சிரித்தான். "விடுங்க. உங்களுக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. வேற ஆயில் ஒரு சொட்டு உள்ள போகல. யாரும் கை வைக்கவும் இல்ல. புது கியர்பாக்ஸ் கம்பெனி செலவு. உங்க மச்சினனுக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுங்க."

ஹார்லன் மூடியைக் கையில் எடுத்தார். விரலெல்லாம் கறுப்பானது. அப்படியே நோரீனிடம் வந்து நின்றார். முகத்தைப் பார்த்ததுமே அவள் எழுந்துவிட்டாள்.

"வாரண்டி இல்லைன்னுட்டானா? சொல்லாதன்னு சொன்னேன்ல."

"வாரண்டி உண்டு."

"அப்புறம் ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னார். அவள் நம்பவில்லை. தம்பி அப்படிச் செய்ய மாட்டான், கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும், வெளிக்கடைக்காரன் என்றாலே இவர்களுக்கு ஆகாது என்று அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, வெண்டலைக் கூப்பிட்டாள்.

"வெண்டல், மச்சான் வண்டிக்கு ஆயில் மாத்தினியா இல்லையா?"

"ஏன் அக்கா, வாரண்டி என்ன ஆச்சு?"

"கிடைச்சுது. கேட்டதுக்கு பதில் சொல்லு."

மறுபக்கம் பெருமூச்சு விட்டான். "கிடைச்சுதுல்ல. அப்புறம் என்ன? நான் மாத்தியிருந்தா இன்னைக்கு நீங்க தலையில துண்டு போட்டுட்டு உக்காந்திருப்பீங்க."

நோரீன் போனை ஹார்லன் பக்கம் நீட்டினாள். ஹார்லன்தான் கேட்டார்.

"நான் கொடுத்த ஆயில் எங்கடா?"

"என் வண்டியில ஊத்தினேன், மச்சான். அன்னைக்கு வேலை தலைக்கு மேல. உன் வண்டியில இருந்த ஆயில் பாக்க நல்லா செவப்பா, புதுசு மாதிரி இருந்துச்சு, அடுத்த தடவை மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். நீ வேற வெண்ணெய் மாதிரி ஓடுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வர. நான் என்னத்தச் சொல்றது?"

அவன் குரலில் பதற்றமே இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி வாங்கித் திருப்பித் தர மறந்தவன் பேசுகிற மாதிரி இருந்தது. அதுதான் ஹார்லனை உலுக்கியது. திருடன் மாதிரி முழித்திருந்தாலோ, கோபப்பட்டிருந்தாலோ திருப்பிக் கத்தலாம். இவனிடம் என்ன சொல்வது? ரெண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். வண்டி எப்படி ஓடுகிறது மச்சான் என்று வேறு கேட்டிருக்கிறான்.

நோரீன் போனை மேஜைமேல் வைத்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன்மேல் குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா காருக்குப் போன மாசம் பிரேக் போட்டியே. போட்டியா?"

வெண்டலின் கேரேஜில் ரேடியோ பாடுவது மட்டும் கேட்டது.

"வெண்டல். அவங்க உனக்கும் அம்மாடா."

"முன்பக்கம் போட்டேன்" என்றான். "பின்பக்கம் இன்னும் கொஞ்சம் தாங்கும்னு பாத்தேன்."

"நாலுக்கும் போட்டாச்சுன்னு சொன்ன. அவங்க செவ்வாய்க்கிழமை தோறும் மலை தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போறாங்க."

"தாங்கும் அக்கா. நான் பாத்துதான..."

அவள் போனைத் துண்டித்தாள். உடனே அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹார்லன் இன்று என்ன கிழமை என்று யோசித்தார், பிடிபடவில்லை. சுவரில் நாட்காட்டி தேடினார். திங்கள். அப்போதுதான் மறுமுனையில், என்னடி, அடுப்புல வேலையா இருக்கேன் என்று கிழவியின் குரல் கேட்டது.

"அம்மா, காரைத் தொடாத. நான் வர்ற வரைக்கும் சாவியக் கையில எடுக்காத" என்றாள் நோரீன். அதற்குமேல் காரணம் சொல்ல முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

கர்ட் சிரித்துக்கொண்டே வந்தான். "நாலு நாள்ல வண்டி ரெடி. ஒரு காசு கிடையாது. சந்தோஷம்தானே?"

ஹார்லன் மஞ்சள் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கர்ட், உங்க இழுவை வண்டி இப்பவே கிடைக்குமா? பஃபலோ ஊர்ல என் மாமியார் வீட்டுலேர்ந்து ஒரு பழைய கார் எடுத்துட்டு வரணும். அதுக்கு வாரண்டி எல்லாம் கிடையாது. நாலு சக்கரமும் கழட்டிப் பாத்துடுங்க."