பகலில் எரிந்த ட்யூப்லைட்

என் வீட்டுக்காரருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இருந்திருந்தால் திருத்தியாவது பார்த்திருக்கலாம். அவருக்கு இருப்பது ரேடியோ. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. லைசென்ஸ் வாங்கி, தானே சிக்னல் அனுப்புகிற ரேடியோ. அதிலும் மற்றவர்களெல்லாம் ஜாலியாகப் பேசிச் சிரிக்கும் அலைவரிசைகளை விட்டுவிட்டு, யாரும் சீண்டாத அடிமட்ட அலைவரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அங்கே பேச முடியாது. மோர்ஸ் புள்ளியும் கோடும்தான். சிக்னல் அவ்வளவு பலவீனம் என்பதால் ஒரு கோட்டை நிமிஷக்கணக்கில் இழுத்து அனுப்ப வேண்டும். காதில் விழாது, எங்கோ ஒருவர் கம்ப்யூட்டர் திரையில் அதை வெள்ளைக் கோடாகப் பார்க்கலாம். இவர் தன் அடையாளமான அழைப்புக்குறியை அனுப்பி முடிப்பதற்குள் நான் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரமும் கழுவிவிடுவேன். இத்தனைக்கும் அதுவரை ஒருவர் கண்ணிலும் அந்தக் கோடு பட்டதில்லை.

அந்த அலையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாம். அதற்குத் தகுந்த ஆன்டெனா வைக்க எங்களுக்கு ஏது இடம்? முதலில் பட்டம். பெரிய பட்டத்தில் கம்பியைக் கட்டி மைதானத்தில் ஏற்றினார். மழை மேகம் எதுவும் இல்லாமலே கம்பியில் மின்சாரம் சேர்ந்து கையைச் சுண்டியது. காற்று நின்றதும் பட்டம் போய் மின்கோபுரத்துக்குப் பக்கத்து மரத்தில் உட்கார்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்து, கட்டடத்தையே சுற்றி ஒரு வளையம். கீழ்த்தளத்துக் கண்ணாடிக் கடைக்காரர், "என் கடைக்கே சுருக்குப் போடுறீங்களா?" என்று கத்தியதில் அந்த யோசனையும் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது மொட்டைமாடி.

நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பி மாதிரி நான்கு கம்பிகள் சரிந்து கைப்பிடிச் சுவரை நோக்கி வந்தன. அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரம், அதைச் சுற்றிச் சுற்றித் தாமிரக் கம்பி.

"ஆன்டெனா ரொம்பக் குட்டை. அதனாலதான் இந்தச் சுருள். சிக்னல் போகும்போது கம்பியில ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும்" என்றார், ஏதோ மெடல் வாங்கியவர் போல.

"அதை நிறுத்த உங்களுக்கு எங்க தலைக்கு மேலதான் இடம் கிடைச்சுதா?"

அதற்கும் பதில் வைத்திருந்தார். ஒருநாள் இருட்டியதும் எங்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டார். கீழ்வீட்டில் குடியிருக்கும் என் அக்காவும் வந்தாள். ஒரு பழைய ட்யூப்லைட்டை டிரம்முக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார். அதற்கு ஒயர் கிடையாது, சுவிட்ச் கிடையாது. சிக்னல் கிளம்பியதும் அது தானாகப் பளிச்சென்று எரிந்தது. அக்கா கைதட்டினாள்.

"இது எரிஞ்சா யாரும் மாடிக்கு வரக்கூடாது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் அணையும், அதை நம்பாதீங்க. அசையாம நின்னு பாருங்க. எரியவே இல்லைன்னா அது வெறும் கம்பி, துணிகூடக் காயப்போடலாம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். இருட்டில் வைத்துச் சோதித்தோமே என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

சில நாள் கழித்து, எனக்கு வார விடுமுறை. அவர் லிஃப்ட் மெக்கானிக். "கம்ப்யூட்டரே அனுப்பிக்கும், நீ எதையும் தொடாதே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். உச்சி வெயிலில் மாடிக் கதவு உரசித் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாளி வைக்கிற சத்தம். அக்காதான். ட்யூபைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள் என்று காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வரவில்லை.

ஜன்னல் வழியே எதிர்க் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அதில் நாள் முழுக்க விளக்கு எரியும். அன்று அந்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மாடியில் இருக்கும் ட்யூபும் அப்படித்தானே!

"அக்கா!" என்று ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். தெருவில் லாரி ஹாரன் அதை விழுங்கிவிட்டது. அவருடைய அறைக்கு ஓடினேன். மேஜை மேல் இருந்த மீட்டரில் முள் உச்சியில் நின்றது, சிக்னல் போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் போன் போட்டேன். லிஃப்ட் குழிக்குள் இருந்திருப்பார், கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடினேன். முள் இறங்கவில்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் கொஞ்ச நேரமாவது அது இறங்கும். இப்போது அதுவும் இல்லை. நிறுத்தச் சொல்லக் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டுமாம், பின்னால் அவர் சொன்னார். இருந்த இடைவெளியையும் நான்தான் அடைத்துவிட்டிருந்தேன்.

வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். ஃபேன் நின்றது. முள் நிற்கவில்லை. மேஜைக்கு அடியில் கார் பேட்டரி. கரண்ட் போனாலும் மனுஷனுடைய சிக்னல் போகக்கூடாதே! அதில் எந்த ஒயரைப் பிடுங்குவது என்று எனக்குத் தெரியாது. விட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினேன்.

துணிக்கொடி முழுக்கக் கண்ணாடிக் கடைக்காரர் துவைத்துப் போட்ட திரைச்சீலைகள், கைக்குட்டை போடக்கூட இடமில்லை. அக்கா, கம்பி தாழ்ந்து வரும் மூலையில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். நனைந்த போர்வை இரண்டு கைகளிலும். கைகள் தலைக்கு மேல். கம்பிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"அக்கா, தொடாதே!"

அப்படியே நின்றாள். கையை மட்டும் இறக்கவில்லை. "ஏன்டி கத்துறே? ட்யூப் எரியலையே. நின்னு பார்த்துட்டுத்தானே வந்தேன்."

"எரியுதுக்கா. வெயில்ல தெரியலை."

அவள் ட்யூபைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பியதில் போர்வை ஆடியது. பாய்ந்து இழுக்கலாமென்றால், தடுமாறிக் கம்பி மேலேயே சாய்ந்துவிட்டால்? நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்.

"போர்வையைக் கீழ போட்டுட்டுப் பின்னாடி வாக்கா."

"இப்பத்தான்டி அலசினேன். இந்த அழுக்குலயா போடச் சொல்றே?"

"விடுடி!"

பிறந்ததிலிருந்து அவளை நான் 'டி' போட்டதில்லை. அவள் முகம் செத்துவிட்டது. கை தானாகத் தளர்ந்தது. ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இருவரும் விழுந்தோம். அவள் கையிலிருந்து நழுவிய போர்வை முன்பக்கமாகச் சரிந்து கம்பியின் மேல் விழுந்தது.

எண்ணெயில் தண்ணீர் பட்ட மாதிரி ஒரு சீற்றம். நீலமாக ஒரு நெருப்பு. துணி கருகும் நாற்றம். டிரம் பக்கம் பட்டென்று ஏதோ வெடித்தது, அத்தோடு எல்லாம் அடங்கியது. அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவர் வந்தார். போர்வையை விரித்துக் காட்டினேன். நடுவில் என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

அப்போது அவர் போனில் ஒரு படம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு ரேடியோக்காரர் அனுப்பியிருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள், நடுநடுவே இடைவெளி. கடைசியில் இடைவெளியே இல்லாமல் நீளமாக ஒரு கோடு. பிறகு வெறும் கறுப்பு. "உங்கள் சிக்னல் கிடைத்தது, வாழ்த்துகள். கடைசிக் கோடு ஏன் அவ்வளவு நீளம்? திடீரென்று நின்றுவிட்டதே, எல்லோரும் நலம்தானே?" என்று கீழே எழுதியிருந்தது.

இத்தனை நாள் அவர் காத்திருந்தது இந்தப் படத்துக்குத்தான். பார்க்காமலே என்னிடம் நீட்டினார்.

நான் அந்த நீளக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். "இந்த இடத்துல கம்ப்யூட்டரை மூடினேன்." விரலைக் கோட்டின் முனைவரை நகர்த்தினேன். "இந்த இடத்துல போர்வை விழுந்துது."

"நடுவுல?" என்றார்.

"நடுவுல அக்கா நின்னுட்டிருந்தா."