கிணற்றுப்படியில் வக்கா

சின்னண்ணன் அந்தப் பறவையைப் பார்த்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவருக்கு அது ஆகாத காரியம்.

மழை பொய்த்து ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்த கோடை. பொழுது சாயும் நேரத்தில் ஊர்க்கிணற்றின் உள்படியில் அது கூன் போட்டு உட்கார்ந்திருந்தது. கறுத்த தலை, கங்கு போலச் சிவந்த கண். இவரைக் கண்டதும் 'வக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு எழும்பியது. வக்கா என்னும் இராக்கொக்கு அது; நாமக்கல் பக்கத்து அந்த ஊரில் அப்படியொரு கொக்கை யாரும் கண்டதில்லை. மறுநாள் சின்னண்ணன் போன இடமெல்லாம் கூட்டம். சொல்லச் சொல்லப் பறவை பெருத்தது. கடைசியில் அது இவர் பேரைச் சொல்லியே கூப்பிட்டதாகிவிட்டது.

"இருட்டுல திரியறது கெணத்துல எறங்கியிருக்குது. மாரியாயி நோம்பி முடியற மட்டும் அந்தத் தண்ணிய ஆரும் தொடக்கூடாது" என்றார் ஊர்க்கவுண்டர் செங்கோட்டையன். கிணற்றைச் சுற்றி வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். ஊரே குட்டைக்குப் போனது.

வாந்திபேதிக்குப் பயந்து மேற்கேயிருந்து ஓடிவந்த வண்டிக்காரர்கள் அந்தக் குட்டையில்தான் துணி அலசிப் போனார்கள். எல்லாரும் பார்த்ததுதான். அதற்கு யாரும் பயப்படவில்லை, கொக்குக்குத்தான் பயந்தார்கள்.

முதல் நாளே சின்னண்ணன் மனைவி ஆத்தாயி குடத்தை எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "ஏனுங்க, இந்தக் கலங்கத் தண்ணி புள்ளைக்கு ஆகாதுங்க. கெணத்துல ஒரு கொடம் மொண்டாரட்டுங்களா?"

"பாத்துச் சொன்னவனே மீறுனா ஊரு காறித் துப்பும். பேசாம இரு புள்ள."

அவர்கள் மகள் ஐந்து வயது குஞ்சம்மாளுக்கு வயிறு போகத் தொடங்கியது. தண்ணீர், தண்ணீர் என்று அனத்தினாள். ஆத்தாயி மறுபடியும் கேட்டாள், அவர் முறைத்தார். குட்டைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு தன் கையாலேயே புகட்டினார். குழந்தை ஆவலாகக் குடித்தாள். அடுத்த நாள் சாயங்காலம் அவள் மூச்சு அடங்கிப்போனது.

குளிப்பாட்ட வேண்டும். ஆத்தாயி குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். குட்டைப் பக்கம் திரும்பவில்லை. சின்னண்ணன் பின்னாலேயே ஓடினார். அவள் தோரணத்தை அறுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றில் இறங்கினாள். அடிப்படியில் வக்கா ஒரு தவளையைக் கவ்விக்கொண்டு நின்றது. அவளைக் கண்டு தவளையோடு பறந்துபோனது.

இரை தேடி வந்த கொக்கு. ஏரி காய்ந்ததால் வந்த கொக்கு. சின்னண்ணனுக்கு அழுகைக்கு முன்னால் வெட்கம் வந்தது.

கிணற்று மேட்டுக்கு வந்துவிட்ட செங்கோட்டையன் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஆத்தாயி தெளிந்த தண்ணீரோடு மேலேறி வந்து புருஷன் முன்னால் நின்றாள்.

"போறப்பவாச்சும் எம்புள்ள மேல நல்ல தண்ணி படட்டுமுங்க."