யாருடைய ஊசி

அந்த ஊசி யாருடையது என்று பெரியவளுக்குத் தெரியும். தெரிந்தும் பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கதையில் வேறு மர்மம் எதுவும் கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெரியவள் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு நர்ஸ். அவள் தங்கை, சின்னவள், அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிப்பவள். வேலை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். பிரசவ விடுப்பு முடிந்து சின்னவள் வேலைக்குத் திரும்பிய மூன்றாவது வாரம், ஒரு விரிப்பை உதறும்போது கையுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது.

மூட்டையில் கட்டியிருந்த நீலக் கயிறு ஆண்கள் வார்டுடையது. அங்கே இருபத்திரண்டு படுக்கைகள். எந்தப் படுக்கையின் விரிப்பு என்று யாரால் சொல்ல முடியும்? பெரியவளால் முடியும். அன்று காலை ஏழாம் படுக்கைக்காரருக்கு அவள் ரத்தம் எடுத்து முடிக்கும் நேரத்தில், எதிர்வரிசையில் ஒருவர் மூச்சுத் திணறிக் கீழே விழுந்தார். கையிலிருந்த ஊசியை விரிப்பின் மேலேயே வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்தவள் தலைகால் புரியாத அவசரத்தில் விரிப்பைச் சுருட்டி மூட்டையில் திணித்தாள். தங்கை கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்து நின்றபோதுதான் ஊசி நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியின் ஹெச்ஐவி ஆலோசகர் அம்மா நிதானமாகத்தான் சொன்னார்.

"இன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். இருபத்தெட்டு நாள், ஒரு வேளைகூட விடக்கூடாது. ஆறு வாரத்துல ஒரு ஹெச்ஐவி டெஸ்ட் எடுப்போம். ஆனா மாத்திரை சாப்பிட்டிருக்கறதால அதையே முடிவா வச்சுக்க முடியாது. மூணு மாசத்துல எடுக்கறோம் பாருங்க, அதுல இல்லேன்னு வந்தாத்தான் இல்ல."

சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "குழந்தைக்குப் பால் குடுக்கலாமா?"

"பயப்படற அளவுக்கு இல்ல. ஆனா துளியும் இல்லேன்னு சொல்ல மாட்டேன். முடிவு தெரியற வரைக்கும் வேண்டாம்மா. பீச்சிக் கொட்டிட்டே இருங்க, இல்லேன்னா வத்திடும்." பேனாவை மூடிக்கொண்டே அவர் சொன்னார். "யாரோட ஊசின்னு தெரிஞ்சிருந்தா அவர் ரத்தத்தைப் பாத்துடலாம். அவருக்கு ஒண்ணும் இல்லேன்னா உங்களுக்கும் இல்ல. ரெண்டு மூணு நாள்ல வேலை முடிஞ்சிடும்."

பெரியவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். சொல்லத்தான் வாயெடுத்தாள். "தண்ணி குடிக்கிறியா?" என்பதுதான் வெளியே வந்தது.

அக்காவும் தங்கையும் ஒன்றாக இருந்த வீட்டில் அந்த ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு அதிகாரி என்று பேர். உத்தரவு போடுகிற குரல் அப்படி. சின்னவளின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அவர் வைத்த பேர்தான் அது. அதிகாரி பாட்டிலைத் தாயிடம் வாங்கிக் குடிக்க மறுத்துவிட்டாள். பால் வாசனை அடிக்கிற மார்பை வைத்துக்கொண்டு ரப்பரை நீட்டினால் எந்தக் குழந்தைதான் ஒத்துக்கொள்ளும்? முகத்தைத் திருப்பித் திருப்பி மார்பை முட்டினாள். கடைசியில் பெரியம்மா மடியில்தான் குடித்தாள். சில நாளில் பெரியம்மாவைக் கண்டாலே வாயைத் திறக்கத் தொடங்கினாள்.

தினமும் காலையில் சின்னவள் பாலை ஒரு டம்ளரில் பீச்சித் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவாள். முதல் வாரம் டம்ளர் நிறைந்தது. அடுத்த வாரம் பாதி.

பெரியவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்தக் குழாய் ஓசை கேட்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். ஆனால் வேலை போய்விடும், பேர் கெட்டுவிடும், எப்படியும் ஒன்றும் இருக்காது, நாளைக்குச் சொல்லலாம். மனுஷருக்குச் சாக்குக்கா பஞ்சம்? முதல் நாள் சொல்லாததை இரண்டாம் நாள் சொல்ல நினைத்தால், ஒரு நாள் ஏன் மறைத்தாய் என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. பத்தாம் நாள் அந்தக் கேள்வி ஊசியைவிடப் பெரிதாகிவிட்டது.

பத்தொன்பதாம் நாள் காலை சின்னவள் டம்ளரைக் காட்டினாள். பால் அடியைக்கூட மறைக்கவில்லை.

"இவ்வளவுதான்க்கா வருது. இன்னும் எழுபது நாள் இருக்கு." அதைக் கொட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ஊசிய விட்டவங்க மேலகூட எனக்குக் கோவமில்ல. என்ன அவசரமோ. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான்."

பெரியவள் மடியில் அதிகாரி பாட்டில் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்டி. ஏழாம் படுக்கை."

சின்னவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அந்தம்மா சொல்றப்ப நீ என் பக்கத்துலதானே உக்காந்திருந்த."

"ஆமா."

"தண்ணி வேணுமான்னு கேட்ட."

சின்னவள் குனிந்து, குழந்தையை அக்கா மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "போய்ச் சொல்லு. இப்பவே போ."

பெரியவள் தலைமை நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஏழாம் படுக்கைக்காரர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர், எப்போதோ வீடு திரும்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கடையை அடைத்துவிட்டு வந்து கையை நீட்டினார். "என் ரத்தத்துல சக்கரை இருக்கும்மா, வேற எதுவும் இருக்காது. ஆனா வாய் வார்த்தைய நம்பாதீங்க, எடுத்துப் பாருங்க."

மூன்றாம் நாள் ஆலோசகர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார். "ஹெச்ஐவி இல்ல, மஞ்சக்காமாலைக் கிருமியும் இல்ல. அவருக்குமே புதுசா வந்திருந்தா உடனே காட்டாதுங்கறதால, கிருமியையே நேரா தேடற டெஸ்டும் பண்ணிட்டோம். அதுலயும் இல்ல. மாத்திரைய நிறுத்திடலாம். பால் குடுங்க."

வீட்டில் சின்னவள் சுவரோரம் உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்தாள். அதிகாரி மார்பைப் பார்க்கவில்லை. அறையின் மறுகோடியில், வேளை தவறாத பழக்கத்தில் பாட்டிலைக் கலக்கிக்கொண்டு நின்ற பெரியம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"நீ வெளிய போ," என்றாள் சின்னவள். மூன்று நாளில் அக்காவிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். உள்ளே அழுகை தொடங்கியது. வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டது. கீழ்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எழுந்து கதவைத் தட்டலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். அந்தக் கதவைத் தட்டும் உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பிறகு அழுகை நின்றது.

தங்கை முடியாமல் கடைசியில் பாட்டிலைத்தான் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பாட்டில் அவள் கையில்தான் இருந்தது, நிறைய.