நூறு போக மீதி

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்ட ஜீவிதா, படங்களை மறுபடி எண்ணிப் பார்த்தாள். கோவளம் கல்யாணத்தில் எடுத்த மூவாயிரத்து இருநூறு படங்களில் நூறுதான் மிச்சம் இருந்தன.

கீழ்க்கட்டளையில் இருந்த அந்த ஸ்டூடியோவில் எல்லாப் படமும் ஒரே ஃபோல்டருக்குள் கிடக்கும். கடைக் கம்ப்யூட்டர், முதலாளி குப்புராஜின் லேப்டாப், நெட்டில் ஒரு பிரதி. ஒன்றில் சேர்த்தால் மூன்றிலும் சேரும்; ஒன்றில் அழித்தால் மூன்றிலும் போகும். மலிவு சாஃப்ட்வேர், அழித்ததை மீட்டுத் தராது. கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்தாயிற்று.

ஆல்பத்துக்குப் படம் பொறுக்குவது வீட்டார் பாடு. அதற்கான லிங்க்கை நேற்று கல்யாண வாட்ஸ்அப் குழுவில் போட்டது ஜீவிதாதான். பந்தல்காரரையும் சேர்த்து எழுபது பேர். ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தால் போன் போட்டே உயிரை எடுப்பார்கள் என்று, லிங்க் இருக்கிற எவரும் எதையும் செய்யலாம் என்று திறந்துவிட்டிருந்தாள்.

குப்புராஜ் கல்யாணத்தன்று படங்களை ஏற்றிவிட்டு மூடிய லேப்டாப்பை இன்னும் திறக்கவில்லை. அதில் படம் இருக்கும். ஆனால் அவர் இப்போது அதைத் தூக்கிக்கொண்டு கோவளத்துக்கே போயிருந்தார், பெண் வீட்டில் காட்ட. நெட் கிடைத்த மறுநிமிடம் அதிலும் காலி.

"அண்ணா, லேப்டாப்பத் தொறந்துட்டீங்களா?" என்றாள் ஜீவிதா போனில்.

"இல்லம்மா. மீன் கொழம்பு ஊத்திக்கினு கீறாங்க. துன்னுட்டுத் தொறக்கறேன்."

"தொறக்காதீங்க! அதுக்கு நெட் எங்கேர்ந்து வரும்?"

"என் போன்லேர்ந்து தானா புடிச்சுக்கும். இன்னா பேஜாரு?"

"மொதல்ல போன ஆஃப் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா நீ எப்டி பேசுவ?"

"பொண்ணோட அம்மா போனுக்கு வரேன். பண்ணுங்கண்ணா!"

பெண்ணின் அம்மா அமலராணி எடுத்து, விஷயத்தைக் கேட்டு, "மோதிரம் மாத்துனதுமா போச்சு?" என்று அலறிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள். "இப்பத் தொறங்கண்ணா," என்றாள் ஜீவிதா.

"நெட் இல்லன்னு காட்டுது," என்றார் குப்புராஜ்.

"நல்லது. எவ்ளோ படம் இருக்கு?"

சோற்றுக் கையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. "மூவாயிரத்து இருநூறு."

"உங்க ஹார்டு டிஸ்க்கச் சொருகி காப்பி போடுங்க. டிஸ்க்கக் கழட்டிப் பையில வெச்சப்புறம்தான் நெட்டு."

"எவ வேல இது?" என்றாள் அமலராணி.

"நான்தான்," என்றது பக்கத்தில் ஒரு குரல், கூச்சமே இல்லாமல். விருந்துக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை ரத்தினபாய். "ஆல்பத்துக்கு நூறு போதும்னு அந்த ஸ்டூடியோப் பொண்ணுதானே எழுதிச்சு? நூற வெச்சுகினு மீதிய அழிச்சேன். வெரலே வீங்கிப்போச்சு."

"அந்த நூறுல எங்க வூட்டு சனம் ஒண்ணாவது கீதா?"

"பொண்ணு கீதே!"

அதற்கப்புறம் கேட்டதெல்லாம் அச்சில் ஏறாது. ஜீவிதா போனை வைத்துவிட்டுப் பழைய லிங்க்கை மூடினாள். ஆல்பம் கை மாறும்வரை கார்டைத் துடைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டினாள்.

சாயங்காலம் குப்புராஜ் டிஸ்க்கோடு வந்து படங்களை மறுபடி ஏற்றியதும், வீட்டுக்கொருவர் என்று இரண்டே பேருக்குப் புது லிங்க் போனது. பார்க்க மட்டும்தான், வேண்டிய படத்தின் நம்பரை எழுதி அனுப்ப வேண்டும்.

ரத்தினபாயிடமிருந்து உடனே பதில் வந்தது: "அழிக்கிற பட்டனக் காணோமே, கண்ணு?"