அறிவு பத்தாதவள்

ஜெயக்கொடிக்குப் பேச்சு திக்கும். குறை என்று சொன்னால் அது ஒன்றுதான். அப்பா செத்துப்போன வருஷம் அண்ணன் தட்சிணாமூர்த்தி அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினான். ஏன் என்று கேட்ட வாத்தியாரிடம், "அதுக்கு அறிவு பத்தாது சார்" என்றான். மாட்டையும் சமையலையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் தேவைப்பட்டது என்பதைச் சொல்லவில்லை.

முடிச்சூர் ஊரே அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால் அவளிடம் கத்திப் பேசினார்கள். பந்தியில் பரிமாறப் போனால், "நீ வேணாம், கொட்டிடுவ" என்று பாத்திரத்தைப் பிடுங்கினார்கள். எல்லோரும் அப்படிப் பார்க்கப் பார்க்க அவள் கை நிஜமாகவே நடுங்கத் தொடங்கியது. தெரிந்த கணக்கும் வாய்க்கு வராமல் போனது. தனக்குப் புத்தி மட்டுதான் போலிருக்கிறது என்று அவளே நம்பினாள்.

மண்ணிவாக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரை வாசல்வரை வழியனுப்பப் போனான். "பின்னால என்மேல பழி வரக்கூடாது. பொண்ணுக்கு அறிவு கொஞ்சம் பத்தாது" என்று அவன் சொன்னது அடுப்படியில் நின்ற அவள் காதில் விழுந்தது. அவர்கள் திரும்பி வரவேயில்லை. அண்ணி காந்திமதி, "இன்னா பண்றது, ஒன் தலையெழுத்து" என்று சொல்லிவிட்டு மாவாட்டச் சொன்னாள்.

தொண்ணூறாம் வருஷம் பக்கத்துப் போர்ஷனுக்கு சாஜிதா குடிவந்தாள். மேற்கு தாம்பரத்துக் கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். வெளியூர்க்காரி என்பதால் ஊர்ப்பேச்சு அவளுக்குத் தெரியாது. அளவெடுத்துக் குறித்துத் தரச் சொன்னாள், ஜெயக்கொடி செய்தாள். துணி வெட்டச் சொன்னாள், பிசகாமல் வெட்டினாள். சொல் திக்கினால் சாஜிதா அவசரப்படுத்தாமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் மட்டும் கை நடுங்குவதில்லை என்பது ஜெயக்கொடிக்குப் புரிய சில மாதங்கள் ஆயின.

ஊர் பேசுவதை ஒருநாள் அவளே சாஜிதாவிடம் சொன்னாள்.

"யாரு சொன்னதுக்கா, உங்களுக்கு அறிவு இல்லன்னு?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது ஜெயக்கொடிக்கு ஒன்று விளங்கியது. சொன்னவன் ஒரே ஒருவன். மற்ற எல்லோரும் அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னவர்கள். அன்றைக்கு அவள் அழவில்லை. உள்ளே என்னவோ கெட்டிப்பட்டுப் போனது.

வயல்களெல்லாம் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. தட்சிணாமூர்த்தியும் பூர்வீக நிலத்தை வாங்க ஆள் பிடித்து, மனைக்கல்லும் நட்டுவிட்டான். வாங்குகிறவரின் வக்கீல் ஒரு முட்டுக்கட்டை போட்டார். புதுச் சட்டப்படி கல்யாணமாகாத மகளுக்கும் பங்கு உண்டு, அவள் கையெழுத்தில்லாமல் முடியாது என்றார். கல்யாணம் ஆகவிடாமல் வைத்திருந்ததே அவனுக்கு வினையாக வந்தது.

அவளிடம் அவன் விஷயத்தைச் சொல்லவில்லை. "தாம்பரம் போய்ட்டு வர்லாம் வா, பொடவ வாங்கித் தரேன்" என்று கூட்டிப்போனான். ஆனால் அவன் வீட்டில் பேசியதையெல்லாம் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டிருந்த சாஜிதா அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதிகாரி கேட்டார். "எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமாம்மா?"

"அண்ணன் பொ... பொடவ வாங்கித் தரேன்னு கூட்டியாந்தாரு."

"பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "எனக்கு அறிவு பத்தாதுங்க. அண்ணனத்தான் கேக்கணும்."

அதிகாரி பேனாவை மூடினார். தட்சிணாமூர்த்தி குறுக்கே பாய்ந்தான். "அய்யோ சார், எல்லாம் தெரியும் சார் அவளுக்கு! வூட்டையே அவதான் பாத்துக்கினு கீறா!" என்று பதறி, சாட்சிக்கு வந்த ஊர்க்காரர் துளசிங்கத்தின் பக்கம் திரும்பினான். "நீ சொல்லுப்பா!"

"நான் இன்னாத்த சொல்றது? நீதானே ஊர் பூரா அறிவில்லாதவள்னு சொல்லிகினு இருந்த? நாளைக்குக் கோர்ட்டுக்கு யாரு அலையறது?" என்று துளசிங்கம் ஒதுங்கிக்கொண்டார்.

பத்திரம் பதிவாகவில்லை. திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெயக்கொடிக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நன்றாகப் பசித்தது.

வீட்டில் அவன் கத்தினான், பிறகு கெஞ்சினான். கையெழுத்துப் போட அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "யாருகிட்டல்லாம் சொன்னியோ, அவங்க முன்னால மாத்திச் சொல்லு. மண்ணிவாக்கத்துக்காரங்களயும் கூப்புடு."

கங்கையம்மன் கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. மண்ணிவாக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா மட்டும் வந்திருந்தார். தட்சிணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு, "என் தங்கச்சிக்கு அறிவுல ஒரு கொறையும் இல்ல. நான்தான் பொய் சொன்னேன்" என்றான்.

"ச... சத்தமா," என்றாள் ஜெயக்கொடி.

அவன் மறுபடி சொன்னான்.

"சரி. ஊரே கேட்டுக்கிச்சு. இப்ப அறிவோட கேக்கறேன். ரோட்டோரமா இருக்கற பாகம் என் பங்கு. அத முதல்ல என் பேருக்குப் பிரிச்சு எழுது. பின்பக்கத்த நீ யாருக்கு வேணாலும் வித்துக்கோ."

அவனால் மறுக்க முடியவில்லை. அவள் சொல் செல்லாது என்று இனி எந்த வாயால் சொல்வான்? ரோட்டோரம் கைவிட்டுப் போனதும் வாங்க வந்தவர் விலகிக்கொண்டார். பின்பக்கத்து நிலம் ஆள் கிடைக்காமல் வெகுநாள் கிடந்தது.

ஜெயக்கொடி தன் பங்கில் இரண்டு அறை கட்டினாள். சாஜிதாவும் அவளும் அங்கே தையல் கடை போட்டார்கள். புதிதாக மனை வாங்கிக் குடிவந்தவர்களுக்கு அவள் வெறும் தையல்கார அக்கா.

ஊர் தட்சிணாமூர்த்திக்கு ஒரு பெயர் வைத்தது: புளுகுமூட்டை. டீக்கடையில் அவன் எதைச் சொன்னாலும், "மெய்யாலுமா? கோயில்ல வந்து சொல்லு" என்று சிரித்தார்கள். முதலில் சண்டை போட்டான். பிறகு பேசுவதைக் குறைத்தான். போகப் போக நிஜத்தைச் சொல்லும்போதுகூட வார்த்தை தடுமாறி, எதிரில் இருப்பவர் முகத்தையே பார்க்கத் தொடங்கினான்.

காந்திமதி ஒருநாள் கடைக்கு வந்து அழுதாள். "நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு நிறுத்திக்கும் ஜெயா. மனுசன் பாதியாப் பூட்டாரு. வெளிய வரவே பயப்படறாரு."

அந்தப் பயம் எப்படி எலும்புக்குள் இறங்கும் என்பது ஜெயக்கொடிக்குத் தெரியும். அந்த ஊரில் அவளைவிட அதை அறிந்தவர் யாருமில்லை. ஒரு வார்த்தை போதும் என்பதும் தெரியும்.

"சொல்ல மாட்டேன் அண்ணி," என்றாள், திக்காமல். மிஷினை மிதிக்கத் தொடங்கினாள்.