இல்லேன்னான் கல்

மலையாண்டி வீட்டுக்குள் வந்தும் உட்காரவில்லை. உட்காராமல் பேசுகிற பெரியவர்கள் நல்ல சேதி கொண்டுவந்ததாகப் பூமயில் அறிந்ததில்லை.

முற்றத்தில் முண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நெல் புடைக்கிற புதுச் சுளகு, நாளைக்காக அவள் மஞ்சள் பூசியது. மடியில் மகள் நிறைமதி, கையில் கிடைத்த முந்தானையை வாயில் திணித்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"கருத்தம்மா, சுத்தி வளைக்காமச் சொல்லிப்புடுறேன்" என்றார் மலையாண்டி. பூமயிலின் மாமியாரைப் பார்த்துத்தான் பேசினார். "நாளைக்குக் களரியில சின்னவன் புள்ளைய மட்டும் வச்சாப் போதும். பெரியவன் வீட்டுல இருக்கிறது வேணாம்."

"பெரியவன் வீட்டுல இருக்கிறது." பிள்ளை என்ற சொல் கூட அவர் வாயில் வரவில்லை. செத்துப்போன மாமனாரின் அண்ணன் அவர். பங்காளிகளுக்கெல்லாம் மூத்தவர். அவர் சொன்னால் கோயிலில் அதுதான் நடக்கும்.

"ஏன் பெரிய மாமா?" பூமயில் எழுந்துவிட்டாள்.

"எவ வயித்துப் புள்ளையோ, எந்தச் சாதி ரத்தமோ. வளத்துக்கங்க, கொஞ்சிக்கங்க, நான் குறுக்க நிக்கல. அம்மன் முன்னால வைக்கப்பிடாது."

"முறையாத் தத்து எடுத்திருக்கோம் மாமா. கலெக்டர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த புள்ள."

"கலெக்டரா வந்து களரி கும்பிடுறாரு?"

வாசலில் நின்ற பூமயிலின் புருஷன் ராம்குமார் பழந்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மோட்டார் மெக்கானிக். கையில் கிரீஸ் எப்போதோ போய்விட்டது. துடைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு வார்த்தை சொல்லுவான் என்று பூமயில் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் மிளகாயைப் பார்த்தான்.

பேத்தியைக் கருத்தம்மாளுக்குப் பிடிக்காமல் இல்லை. குளிப்பாட்டுவதும் சாம்பிராணி காட்டுவதும் அவள்தான். ஆனால் மலையாண்டி எதிரே நாக்கு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அவர் போன பிறகு ராம்குமார் மெல்ல வாயைத் திறந்தான். "பொறுத்துப் போ பூமயிலு. அடுத்த வருசம் பேசிப் பாப்போம்."

"அடுத்த வருசம் இவ நடந்துருவா. நடக்கிற புள்ளையச் சுளகுல வைக்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். அந்தப் பங்காளிக் கூட்டத்தில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. மாசி மாதம் குலசாமி கும்பிடுகிற களரியன்று கோரைக்காட்டம்மன் முன்னால் சுளகில் கிடக்காத பெண்பிள்ளை கூட்டத்தில் சேர்த்தி இல்லை. பொங்கல் பானையில் கை வைக்க முடியாது. கல்யாணம் என்று வந்தால் கோயில் மாலை வராது. மாலை வராத பெண்ணைக் கேட்டு எவனும் வாசல்படி ஏற மாட்டான். பிள்ளை கைக்குழந்தையாக இருக்கிறபோது ஒரு காலைப்பொழுதில் முடிகிற காரியம், ஆயுசுக்கும் பின்னாலேயே வரும்.

இந்தச் சுளகு வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த ஊரில் நண்டு சிண்டெல்லாம் கதை சொல்லும். பஞ்ச காலத்தில் கண்மாய்க் கோரைக்குள் ஒரு பெண்குழந்தை கிடந்து அழுததாம். தாய் யார், தகப்பன் யார், தெரியாது. பக்கத்து ஊர்த் தலைவன் முதலில் பார்த்திருக்கிறான். "இது எங்க புள்ள இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவன், திரும்பிய வாக்கிலேயே கல்லாகிப் போனான். அடுத்து, கோரை அறுக்கப் போன இந்தக் கூட்டத்து மூதாய் பார்த்தாள். "எங்க புள்ள" என்று சுளகில் அள்ளிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து, மழை கொண்டுவந்து, மறைந்து, அம்மனானது. கல்லானவன் இன்னமும் கோயில் எல்லையில் நிற்கிறான். இல்லேன்னான் கல் என்று பெயர். களரிக்கு வருகிறவர்கள் வீடு திரும்பும்போது அவன்மேல் ஒரு கை கண்மாய்ச் சகதியை எறிந்துவிட்டுத்தான் போவார்கள்.

கதை தெரிந்தவர்கள்தான் பூமயிலின் பிள்ளைக்குச் சாதி கேட்டார்கள்.

அவள் ஏறாத கோயில் இல்லை. ராமேஸ்வரத்தில் தீர்த்தம் தீர்த்தமாக ஈரச்சேலையோடு நடந்தவள், தொட்டில் கட்டியவள், மதுரையில் ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துப்போனவள். போன இடமெல்லாம் சாமிகள் பிறந்த கதைதான். நாணல் காட்டில் ஆறு குழந்தை, வளர்த்தது ஆறு பேர். உழுத சாலில் ஒரு பெண். வேள்வித் தீயில் ஒருத்தி. குடத்துக்குள் ஒரு முனிவர். கேட்கிறபோதெல்லாம் அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமிகளிடம் மட்டும் எவனும் வயிற்றைக் காட்டு, ரத்தத்தைக் காட்டு என்று கேட்பதில்லை என்பது, நிறைமதி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் காலையிலேயே கண்மாய்க்கரை நிறைந்துவிட்டது. திருப்பாலைக்குடிப் பக்கமிருந்து கருவாட்டு வாசத்தோடு கடல்காற்று வீசியது. பூமயிலின் அண்ணன் கம்மலோடு வந்து ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சுளகில் கிடந்து எழுந்த பிள்ளைக்குத்தான் அங்கே காது குத்துவார்கள். விஷயம் தெரிந்ததும் கம்மல் டப்பாவைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டான்.

"வாடி, நம்ம ஊருக்குப் போயிருவோம்" என்றான்.

"இருண்ணே" என்றாள் பூமயில். எதற்கு இருக்கச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

களரியில் அம்மன் கதையை அப்படியே நடத்துவார்கள்; கோரைக்குள் பிள்ளையை வைக்கப் போகிறவள் பெற்ற தாய். வைப்பதை யாரும் பார்க்கக் கூடாது. அம்மனை விட்டுப்போனது யார் என்று யாரும் பார்க்கவில்லை அல்லவா? அதனால் பங்காளிகள் அத்தனை பேரும் கண்மாய்க்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். மஞ்சள் துணி போர்த்திய பிள்ளையைப் பூசாரி எடுத்து வந்து, யார் பிள்ளை என்று கேட்டு, கூட்டம் பதில் சொல்லும் வரை தாய் கோரையை விட்டு வெளியே வரக் கூடாது. அம்மனுக்குத் தாய் என்று எவளும் வெளியே வந்ததில்லை.

சின்னவன் மனைவி சிநேகாவுக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளை பிறந்தது. புருஷன் சிங்கப்பூரில். வழுக்குகிற கரையில் பிள்ளையையும் சுளகையும் அவளால் தூக்க முடியாது.

"பூமயிலு, சுளகை நீ கொண்டு போய்க் குடு" என்றார் மலையாண்டி. வேலைக்கு மட்டும் அவள் கூட்டத்தில் சேர்த்தி.

நிறைமதி யாரிடமும் போக மாட்டேன் என்று வீறிட்டாள். பூமயில் அவளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுளகைத் தலையில் வைத்து இறங்கினாள். பின்னால் உறுமி முழங்கியது. பங்காளிகள் திரும்பி நின்றார்கள்.

கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முழங்கால் வரை சகதி. சுளகை ஒரு மேட்டில் வைத்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினாள்.

"வையி சிநேகா. நேரமாகுது."

சிநேகா வைக்கவில்லை. மகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீ வையி."

"என்ன சொல்ற?"

"நிறைமதிய வையிங்கிறேன். யாரும் பாக்கல."

"பைத்தியமா உனக்கு? வெளியில தெரிஞ்சா உன்னைய வீட்டுல வச்சிருப்பாகளா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. நேத்து பெரிய மாமா பேசுறப்ப அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், வாயே வரல. நாளைக்கு எம்புள்ள கோயிலுக்குள்ள நிக்கும், அவ அக்கா வெளியில நிக்கணுமா? எங்கக்கா ஏன் வரலைன்னு அது கேட்டா, நான் என்னான்னு சொல்லுவேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வையிக்கா, பூசாரி வந்துருவாரு."

செய்யலாமா, சாமி குத்தம் ஆகுமா என்றெல்லாம் யோசிக்கப் பூமயிலுக்கு நேரமில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டாள். நிறைமதியைச் சுளகில் கிடத்தினாள். வேப்பங்கொத்து ஒன்றை அவள் கையில் கொடுத்து, துணியைப் போர்த்தினாள். அழுதுவிடாதே என் தாயே, அழுதுவிடாதே. இரண்டு பெண்களும் கோரைக்குள் குனிந்துகொண்டார்கள்.

பூசாரி மாரிச்செல்வம் வந்தார்; சுளகைத் தலையில் ஏந்திப் போனார். உறுமி நின்றது. கோரை இடுக்கு வழியே பூமயில் பார்த்தாள். அம்மன் பீடத்தின் முன்னால் சுளகு. துணிக்கு வெளியே ஒரு சின்னக் கால் நீண்டு ஆடிக்கொண்டிருந்தது. அதில் கறுப்புக் கயிறு. போன வாரம் காய்ச்சல் வந்தபோது ராம்குமார் கட்டியது. முடிச்சு கூட ஒழுங்காகப் போடத் தெரியாமல் இரட்டை முடிச்சாகப் போட்டிருந்தான்.

பங்காளிகள் திரும்பினார்கள். ராம்குமார் முன்வரிசையில் நின்றான். அவன் பார்வை அந்தக் காலில் விழுந்ததையும், முகம் வெளுத்ததையும் பூமயில் பார்த்தாள். காட்டிக்கொடுத்துவிடுவானோ?

"கோரைக்குள்ள கெடந்துச்சு. பெத்தவ தெரியல, பேரு தெரியல. இது யாரு புள்ள?" பூசாரி குரலெடுத்துக் கேட்டார்.

"எங்க புள்ள!"

முதலில் வந்த குரல் ராம்குமாருடையது. தொண்டை கிழியக் கத்தினான். அவ்வளவு பெரிய குரல் அவனுக்கு உண்டென்று ஊருக்கே அன்றுதான் தெரியும். பின்னாலேயே கூட்டம் முழுவதும் சொன்னது, "எங்க புள்ள! எங்க புள்ள!" எல்லோருக்கும் மேலே மலையாண்டி கை உயர்த்திச் சொன்னார்.

பூசாரி துணியை விலக்கினார்.

வேப்பங்கொத்தைச் சப்பிக்கொண்டு நிறைமதி ஊரைப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"மோசம் போயிட்டோம்!" மலையாண்டி பாய்ந்து வந்தார். "ஏலே மாரிச்செல்வம், எடுத்து வெளியில வையி. சின்னவன் புள்ளையக் கொண்டுவந்து திரும்பக் கேளு."

பூசாரி சுளகைத் தொடவில்லை. அவருக்கும் பயம்தான், மலையாண்டியைப் பகைத்துக்கொண்டு அந்தக் கோயிலில் மணி ஆட்ட முடியாது. ஆனால் அம்மனும் பக்கத்திலேயே இருந்தாள்.

"சாமி முன்னால கேட்டாச்சு, நீங்களும் சொல்லியாச்சு. மாத்தணும்னா ஒரு வழிதான் இருக்கு பெரியவரே. இது எங்க புள்ள இல்லன்னு யாராச்சும் வாய்விட்டுச் சொல்லணும். சொல்லுங்க, நான் எடுத்து வைக்கிறேன்."

மலையாண்டி வாயைத் திறந்தார். எல்லையில் கல் நின்றது. எத்தனையோ களரியாய் எறிந்த சகதி காய்ந்து, ஆள் பருமன் தெரியாமல் உப்பிப்போய் நின்றது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

பூமயில் கோரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். இடுப்புவரை ஈரம். குனிந்து ஒரு கை சகதியை அள்ளிக்கொண்டு நேரே அவர் எதிரில் போய் நின்றாள்.

"சொல்லுங்க பெரிய மாமா. நேத்து எங்க வீட்டுல நின்னு சொன்னீகளே, அதை இங்கன சொல்லுங்க."

அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்காக அதைச் சொல்ல எவனும் முன்வரவில்லை. அந்த அமைதியில் கோரைக்குள்ளிருந்து மெலிந்த குலவைச் சத்தம் ஒன்று கேட்டது. சிநேகா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலவையிட்டாள். கொஞ்சம் தயங்கி, பெண்கள் பக்கமிருந்து கருத்தம்மாளின் குலவை சேர்ந்தது. பிறகு எல்லாப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பிள்ளைக்கு முதல் பால் புகட்ட வேண்டியவர் கூட்டத்துக்கு மூத்தவர். மலையாண்டி பாலாடைக் கிண்ணத்தைத் தொடவில்லை. "இல்ல" என்றும் சொல்லாமல் "ஆமா" என்றும் சொல்லாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று எல்லைக்குப் போய்விட்டார். பாலைக் கருத்தம்மாளே புகட்டினாள். அதற்குப் பிறகு சிநேகாவின் பிள்ளைக்கும் அதே சுளகு, அதே கேள்வி, அதே பதில்.

காது குத்திய இடத்தில் மஞ்சள் வைத்து, அழுது ஓய்ந்த பிள்ளையைத் தாய்மாமன் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு பூமயில் வீட்டுக்குக் கிளம்பினாள். பக்கத்தில் ராம்குமார். எல்லையில் எல்லோரும் வரிசையாகச் சகதி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இல்லேன்னான் கல் கிழக்கே முகம் திருப்பி நின்றது. அதற்குக் கொஞ்சம் தள்ளி மலையாண்டி, வருகிறவர்கள் யாரையும் பார்க்காமல், பிள்ளையையும் பார்க்காமல், கிழக்கே முகம் திருப்பி நின்றார்.

பூமயில் குனிந்து புதிதாக ஒரு கை சகதியை அள்ளினாள். எந்தக் கல்லில் எறிவது என்று ஒரு கணம் நின்றாள். பிறகு அதை அங்கேயே கீழே போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மகளோடு நடந்தாள்.